நிற்கும் காருக்கு எந்த சார்ஜர் வாங்கலாம்?

இந்தப் பக்கத்தில் வழக்கமாக சேமிப்பு, உள்கடன், தீர்மான நோட்டு எழுதுவது என்று பாடம் வரும். இந்த மாதம் கார் பேட்டரி. "நம்மகிட்ட ஏது மேடம் காரு?" என்று சிரிக்க வேண்டாம். தேசூர் பக்கம் பட்டு நெசவு செய்யும் ஒரு குழு, உறுப்பினர்கள் கூட்டாகப் பணம் போட்டு வாங்கிய ஒரு பழைய காரை வைத்திருக்கிறது. சேலைகளை ஆரணிக்கும் காஞ்சிபுரத்துக்கும் கொண்டு போக, அவசரத்துக்கு வந்தவாசி ஆஸ்பத்திரிக்குப் போக. முகூர்த்த மாதங்களில் வாரம் இரண்டு தடவை ஓடும். மற்ற மாதங்களில் கொட்டகையில் நிற்கும். நிற்கிற வண்டிக்குத்தான் இந்தப் பாடம். டிராக்டர் வைத்திருக்கிற குழுவுக்கும் இது பொருந்தும்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. சித்திரை, வைகாசி முகூர்த்தம் எல்லாம் போனது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும் என்று ஆகஸ்ட் மாதம் முடிகிற வரை இருந்தது. கார் அப்படியே நின்றது. ஜூன் மாதம் ஒரு நாள் சேலை கொண்டு போக வேண்டும் என்று சாவியைப் போட்டார்கள். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி செத்துவிட்டது.

பேட்டரி ஒரு வருடம் கூட ஆகாதது. குழுவில் பேச்சு கிளம்பியது. "வண்டியே ஓடல, பேட்டரி எப்படி தீரும்? அந்தத் தம்பிதான் நல்லதை எடுத்துட்டு பழசை மாட்டிட்டான்." வண்டி ஓட்டிய தம்பி காதுக்கும் இது போனது. சாவியைத் தலைவி வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். தெரியாத விஷயத்தில் எதற்கு வாய் திறக்க வேண்டும் என்று சும்மா இருந்துவிட்டேன். அது தப்பு.

சேமிப்பிலிருந்து பணம் எடுத்து புது பேட்டரி போட்டார்கள். இந்தத் தடவை நான் ஒரு யோசனை சொன்னேன். "தெரிஞ்ச கடையில பழைய சார்ஜர் ஒண்ணு இருக்கு. வாங்கி மாட்டியே வச்சிருங்க, பேட்டரி இறங்கவே இறங்காது." பத்து நாள் இரவும் பகலும் மாட்டி வைத்தார்கள். பேட்டரி சூடாகி, உள்ளே தண்ணீர் வற்றி, பக்கவாட்டில் உப்பிப் போனது. முதல் பேட்டரி பட்டினியால் போனது, இரண்டாவது என் யோசனையால் போனது.

பிறகுதான் வந்தவாசியில் வயதான ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போய் உட்கார்ந்தோம். அவர் எங்கள் காரைப் பூட்டி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, மீட்டரை வைத்துக் காட்டினார். முள் கொஞ்சம் நகர்ந்தது. "பாருங்கம்மா, வண்டி தூங்குது, ஆனா குடிக்குது" என்றார்.

கடிகாரம், ரேடியோவின் நினைவு, அலாரம், புது வண்டி என்றால் உள்ளே இருக்கும் சின்ன கம்ப்யூட்டர் எல்லாம் சாவி இல்லாமலே கொஞ்சம் கரண்ட் எடுக்கும். எங்கள் வண்டியில் 30 மில்லி ஆம்பியர் வந்தது. சொற்பம்தான். ஆனால் கணக்கு நோட்டு எழுதுகிற நமக்குத் தெரியும், தினம் போகிற சின்னச் செலவு எங்கே கொண்டு போய் விடும் என்று. 30 மில்லி ஆம்பியரை 24 மணி நேரத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. பேட்டரியின் கொள்ளளவு 35 ஆம்பியர்-மணி. 24 நாளில் பாதி காலி. 48 நாளில் முழுக்க காலி. ஊரடங்கில் வண்டி நின்றதோ இரண்டு மாதத்துக்கு மேல். அந்தத் தம்பி எதையும் எடுக்கவில்லை.

இது போக, எதிலும் மாட்டாமல் தனியாக வைத்தாலும் பேட்டரி தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வெயில் ஏற ஏற இது வேகமாகும். நம் திருவண்ணாமலை மாவட்டத்து சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கிற வண்டியைச் சொல்லவே வேண்டாம்.

பேட்டரி இறங்கினால் என்ன, திரும்ப ஏற்றிக்கொண்டால் போகிறது என்று தோன்றும். அங்கேதான் சங்கதி. பேட்டரிக்குள் ஈயத் தகடும் கந்தக அமிலமும் இருக்கின்றன. 1859-ல் பிரான்ஸ் நாட்டு பிளான்டே என்பவர் செய்த அதே முறைதான் இன்றும். கரண்ட் இறங்கும்போது தகட்டின் மேல் ஈய சல்பேட் என்ற வெள்ளை உப்பு படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் கெட்டியாகி ஒட்டிக்கொள்ளும். கஞ்சிப் பானையை அன்றைக்கே கழுவினால் தண்ணீர் ஊற்றியதும் போய்விடும், நாலு நாள் காய விட்டால் சுரண்டினாலும் வராது இல்லையா, அது போலத்தான். முழுவதும் இறங்கிக் கிடந்த பேட்டரி பிறகு ஏற்றினாலும் பழைய சக்திக்கு வராது.

சரி, எல்லோரும் சார்ஜர் வாங்க வேண்டுமா? இல்லை. முதலில் செலவில்லாத வழியைப் பாருங்கள். வாரம் ஒரு முறை அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டினால் வண்டியே பேட்டரியை ஏற்றிக்கொள்ளும். வாசலிலேயே ஸ்டார்ட் செய்து 5 நிமிடம் உறும விட்டு நிறுத்துவது போதாது. இரண்டு வாரம் இழந்தது அதில் திரும்பாது, பெட்ரோல்தான் வீண்.

ஓட்ட ஆள் இல்லை, வண்டியும் பழசு என்றால், நெகட்டிவ் டெர்மினலை ஸ்பேனரால் தளர்த்திக் கழற்றி வைத்துவிடுங்கள். வண்டி குடிப்பது நின்றுவிடும். தானாக இறங்குவது மட்டும் மிச்சம். அதற்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கடையில் கொடுத்து சார்ஜ் ஏற்றினால் போதும். புது மாடல் வண்டியில் இதைச் செய்தால் ரேடியோ, கம்ப்யூட்டர் நினைவு அழியலாம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அவசரத்துக்கு எந்த நேரமும் தயாராக இருக்க வேண்டிய வண்டி, கொட்டகையில் கரண்ட் வசதியும் இருக்கிறது என்றால்தான் சார்ஜர் வாங்குவதில் அர்த்தம் உண்டு. நம் தேசூர் குழு வண்டி அப்படிப்பட்டது. நடு ராத்திரியில் ஸ்பேனர் தேட முடியாது.

கடைக்குப் போனால் இரண்டு சாதி சார்ஜர் காட்டுவார்கள். ஒன்று பெரிய இரும்புப் பெட்டி, முள் மீட்டர் வைத்தது. இது செத்த பேட்டரியை எழுப்ப, கடைக்காரருக்கு ஆனது. பேட்டரி நிறைந்தாலும் நிற்காமல் தள்ளிக்கொண்டே இருக்கும். மேல் வோல்ட்டில் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து போய்விடும். நான் மாட்டச் சொன்னது இதைத்தான். இன்னொன்று கையடக்கமானது, பராமரிப்பு சார்ஜர், 'மெயின்டெயினர்' என்று கேட்டால் தெரியும். இது சுமார் 14.4 வோல்ட் வரை ஏற்றிவிட்டு, தானே குறைத்துக்கொண்டு 13.2-லிருந்து 13.8 வோல்ட்டுக்குள் பிடித்து வைத்திருக்கும். இறங்கின அளவு மட்டும் ஊட்டும். இதற்கு 'ஃப்ளோட்' என்று பெயர். அட்டைப் பெட்டியில் 'ஆட்டோமேட்டிக்' என்று போட்டிருந்தால் மட்டும் நம்பாதீர்கள். சிலது நிறைந்ததும் நின்றுவிடும், திரும்பத் தொடங்காது. "ஃப்ளோட் இருக்கா, எத்தனை வோல்ட்டில் நிக்கும்?" என்று கேளுங்கள்.

எத்தனை ஆம்பியர் என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். பெரியது நல்லது என்று நினைக்கிறோம். நிற்கிற காரைப் பராமரிக்க 1 ஆம்பியரே தாராளம். பாதி இறங்கிய 35 ஆம்பியர்-மணி பேட்டரியை அது ஏற்ற ஒரு நாள் ஆகும். ஆகட்டுமே, வண்டி சும்மாதானே நிற்கிறது. அவசரமாகவும் ஏற்ற வேண்டும் என்றால் 4 ஆம்பியர் வாங்கலாம், 5, 6 மணி நேரத்தில் ஏறும். பொதுக் கணக்கு, பேட்டரி கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வீட்டு இன்வெர்ட்டரில் கார் பேட்டரியை மாட்ட வேண்டாம், அது 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்கானது.

நம் ஊருக்கென்று ஒரு சோதனை இருக்கிறது. புத்தகத்தில் போட மாட்டார்கள். கரண்ட் போய் வந்தால் சார்ஜர் தானே தொடங்க வேண்டும். சில மாடலில் கரண்ட் வந்ததும் மறுபடி பட்டனை அமுக்கினால்தான் வேலை செய்யும். நாம் சார்ஜர் மாட்டியிருக்கிறது என்று நிம்மதியாக இருப்போம், அது விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டு சும்மா இருக்கும். கடையிலேயே ஒரு பேட்டரியில் மாட்டச் சொல்லி, சுவிட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, காசு நம்முடையது.

மற்றவை சின்ன விஷயங்கள். கார், டிராக்டர் 12 வோல்ட். லாரிக்கு 24. பேட்டரி மூடி திறக்கிற வகையா, திறக்காத வகையா, ஏ.ஜி.எம். வகையா என்று பார்த்து அதற்கு ஏற்றதா எனக் கேளுங்கள். கிளிப்பை மாற்றி மாட்டினால் தாங்கும் பாதுகாப்பு இருக்கட்டும். வெப்பத்துக்குத் தக்கபடி வோல்ட் குறைக்கும் மாடல் கிடைத்தால் நமக்கு விசேஷம், வெயில் காலத்தில் கூடுதல் வோல்ட் பேட்டரியை வேக வைக்கும். முழுக்கச் செத்த பேட்டரியை சின்ன சார்ஜர் அடையாளமே கண்டுகொள்ளாது. அதை முதலில் கடையில் எழுப்பிவிட்டுத்தான் இதில் மாட்ட வேண்டும்.

கரண்ட் பில் பயம் வேண்டாம். நிறைந்த பிறகு 5 வாட் எடுக்கிறது என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 7 யூனிட்தான்.

மாட்டும்போது சார்ஜர் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். சிவப்பு கிளிப் பிளஸ்ஸில், கருப்பு கிளிப் பேட்டரிக்குத் தள்ளி வண்டியின் வெறும் இரும்பில். பிறகு சுவிட்ச். கழற்றும்போது முதலில் சுவிட்ச், அடுத்து கருப்பு, கடைசியில் சிவப்பு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், ஒரு பொறி போதும் வெடிக்க. பானட்டைத் திறந்து, கொட்டகைக் கதவைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் பீடி, விளக்கு, பிள்ளைகள் கூடாது. நூல் சேலையில் அமிலம் ஒரு சொட்டு பட்டால் ஓட்டை விழும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் விடாமல் தண்ணீரில் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூடி திறக்கும் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். கேன் தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கிறது என்று ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதிலும் உப்பு உண்டு.

தேசூர் குழு 2021 தொடக்கத்தில் மூன்றாவது பேட்டரியும் 1 ஆம்பியர் சார்ஜர் ஒன்றும் வாங்கியது. சார்ஜர் விலை பேட்டரி விலையில் பாதி கூட ஆகவில்லை. அந்த பேட்டரி நாலு வருடம் உழைத்தது. கூடவே ஒரு சின்ன மீட்டரும் வாங்கினார்கள். மாதம் முதல் தேதி, சார்ஜரைக் கழற்றி ஒரு ராத்திரி விட்டு, காலையில் அளந்து வண்டி நோட்டில் எழுதுவார்கள். 12.6 இருந்தால் நிறைவு. 12.4 முக்கால். 12.2 பாதி. 12-க்குக் கீழே போனால் அன்றைக்கே கடைக்கு. எழுதுகிற முறை உறுப்பினர்களுக்குள் மாறி மாறி வரும்.

அந்தத் தம்பி வீட்டுக்குத் தலைவியும் நானும் போனோம். மீட்டர் கணக்கைச் சொன்னோம். அவர் அம்மா மோர் கொடுத்தார்கள். அவர் மட்டும் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. கடைசியில், "வண்டி ஓட்ட வரேங்க்கா. ஆனா பேட்டரி கழட்டுறப்போ ரெண்டு பேர் கூட நில்லுங்க" என்றார். தீர்மான நோட்டில் அதையும் எழுதினோம். இன்றும் பேட்டரி கழற்றும்போது இரண்டு உறுப்பினர்கள் பக்கத்தில் நின்று, பழைய பேட்டரியின் எண்ணையும் புதியதின் எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள்.