அவளை யார் குளிர்விப்பது?

கேள்வி: அக்கா, நான் செங்கலடியில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். ஆங்கிலத்தில் வரும் நகர மாயக்கதைகளைக் கைபேசியில் விழுந்து விழுந்து வாசிப்பேன். ஓநாய் மனிதர், இரத்தக் காட்டேறி, அவர்களோடு மல்லுக்கட்டும் ஒரு பெண், இப்படி. அதுபோல ஒரு நாவலைத் தமிழில் தொடங்கியிருக்கிறேன். கதாநாயகி என்னைப்போலவே பாமசியில் நிற்பவள். மற்றவர் கண்ணுக்குப் படாதவை அவளுக்குத் தெரியும். ஆனால் செங்கலடியை நகரம் என்று யார் ஒத்துக்கொள்வார்கள்? கதையைச் சென்னைக்கோ லண்டனுக்கோ கொண்டுபோகட்டுமா? அவளுக்கு எல்லாச் சக்தியும் கொடுத்துப் பார்த்துவிட்டேன், உயிர் வரவில்லை. இரவு கடை பூட்டி வீட்டுக்குப் போனால் எழுதத் தெம்பும் இல்லை. நான் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. என்ன வாசிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, செங்கலடி

பதில்: தங்கச்சி, கதையைச் செங்கலடியை விட்டு எங்கும் கொண்டுபோக வேண்டாம். முன்பின் அறியாதவர்கள் தினமும் வந்து முட்டிக்கொள்ளும் ஓர் இடம் இருந்தால் இந்த வகைக் கதைக்குப் போதும். பேராதனையில் தொடங்கிப் பதுளை வழியாக மலையிறங்கி வரும் ஏ5 வீதி வந்து முடிவது உங்கள் சந்தியில்தான். மரக்கறி லொறிகள், கொழும்பு பஸ், திருகோணமலை பஸ், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள், படுவான்கரையிலிருந்து தயிர்ச் சட்டியோடு வருகிறவர்கள், ஏறாவூர் வியாபாரிகள் எல்லாரும் அங்கே இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் மனிதப் பிறவியல்லாத ஒருத்தி வந்து இரண்டு பனடோல் கேட்டால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள், உங்கள் கதாநாயகியைத் தவிர?

புதுமைப்பித்தன் 1943இல் இதைச் செய்து காட்டிவிட்டார். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுள் சென்னை பிராட்வே முனையில் நின்று திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். காப்பி குடிக்கிறார். பிள்ளை நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாவும் கட்டுகிறார். தமிழில் நகர மாயக்கதை என்றால் என் கணக்கில் அதுதான் முதலில் நிற்கிறது. அந்தக் கதையில் அற்புதங்களை எண்ணிப் பாருங்கள், மிகக் கொஞ்சமே தேறும். ட்ராமுக்குக் கொடுப்பதா, காப்பிக்குக் கொடுப்பதா என்ற பிள்ளையின் காசுக் கணக்கு மட்டும் கடவுள் வந்த பிறகும் ஓய்வதில்லை. வாசிப்பவர் கடவுளை நம்புவது அந்தக் கணக்கை நம்பியதால்.

நீங்கள் ஆங்கிலத்தில் வாசிக்கும் கதாநாயகிகளையும் இந்தக் கண்ணோடு திரும்பப் பாருங்கள். எம்மா புல் 1987இல் எழுதிய ‘வோர் ஃபோர் தி ஓக்ஸ்’ நாவலின் எடி, மினியாபொலிஸ் நகரில் இசைக்குழு நடத்தப் பாடுபடுகிறவள். பட்ரீசியா பிரிக்ஸின் மேர்சி தொம்சன் ஃபொக்ஸ்வேகன் கார் திருத்தும் மெக்கானிக். அவள் வரும் முதல் நாவலான ‘மூன் கோல்ட்’ 2006இல் வந்தது. அவளால் நரியினத்து விலங்காக உருமாற முடியும் என்பதை விட, அவள் நகங்களுக்குள் கிறீஸ் கறுப்பு இருப்பதுதான் வாசகியைப் பிடித்து வைக்கிறது. உங்கள் கையில் இருப்பது அதைவிடப் பெரிய முதல். பாமசிப் பெண்ணுக்கு ஊரின் அந்தரங்கம் முழுவதும் தெரியும். யாருக்குத் தூக்கம் வருவதில்லை, எந்த வீட்டில் இன்சுலின் தீர்ந்தும் வாங்க வரவில்லை, யார் சீட்டை மடித்து மற்றவர் பார்க்காமல் நீட்டுகிறார்கள், யார் கடன் கொப்பியில் மூன்று மாதமாக நிற்கிறார்கள். மற்றவர் கண்ணுக்குப் படாதவை தெரியும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் பாதி ஏற்கெனவே உண்மை. மாயத்தை அந்தப் பாதியிலிருந்து முளைக்க விடுங்கள்.

சக்திக்கு வருகிறேன். எல்லாச் சக்தியும் கொடுத்தால் உயிர் வராது, ஏனென்றால் அவளுக்கு யாரும் தேவைப்பட மாட்டார்கள். இலோனா ஆண்ட்ரூஸ் என்ற பெயரில் எழுதும் கணவனும் மனைவியும் கேட் டானியல்ஸ் கதைகளில் ஒரு நல்ல விதி வைத்திருக்கிறார்கள். அட்லாண்டா நகரில் மாயம் அலையாக வரும். அது வந்தால் இயந்திரங்கள் நிற்கும், அது போனால் இயந்திரங்கள் ஓடும், மந்திரம் படுத்துவிடும். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டுப் பார்த்த நாம் இதை யாரிடமும் கடன்வாங்கத் தேவையில்லை. கரண்ட் போனதும் குளிர்ப்பெட்டியிலிருக்கும் மருந்தை எப்படிக் காப்பாற்றுவது என்று நீங்கள் பட்ட பதற்றத்தை எழுதுங்கள். அந்த இருட்டில் சந்தியில் யார் நடமாடத் தொடங்கினார்கள் என்று பிறகு எழுதலாம்.

இனி நான் மிகவும் சொல்ல விரும்புவது. நகரத்தோடு மோதிய பெண் என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வரவேண்டியவள் கண்ணகி. தன் முலையைத் திருகி எறிந்து மதுரையை எரித்தவள். அவளைக் கதையாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், கோயில் கட்டித் தாயாக வைத்திருக்கும் மண் மட்டக்களப்பு. வைகாசியில் திருக்கதவு திறப்பார்கள், ‘கண்ணகி வழக்குரை’ பாடுவார்கள், கடைசியில் குளுத்தி என்னும் குளிர்விக்கும் சடங்கு செய்வார்கள். மதுரையை எரித்த அந்த வெப்பம் இன்னும் அடங்கவில்லை, அதை ஊர் கூடித்தான் ஆற்றவேண்டும், ஒருமுறை ஆற்றினால் போதாது, வருடா வருடம் ஆற்றவேண்டும் என்பது அந்தச் சடங்கின் உட்பொருள். ஆற்றாவிட்டால் அம்மை நோய், மழையின்மை. ஆற்றினால் வயல் விளையும்.

மேல்நாட்டு நகர மாயக்கதைகளில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான். கதாநாயகி ஒவ்வொரு நூலிலும் கோபப்படுகிறாள், சண்டை போடுகிறாள், காயத்தோடு வீட்டுக்குப் போய்த் தனியாகக் கட்டுப்போடுகிறாள். அடுத்த நூலில் கோபம் இன்னும் கூடுகிறது. அவளைக் குளிர்விக்கும் கடமை அந்த நகரத்தில் யாருக்கும் இல்லை. எங்கள் ஊரில் அது ஊர்க்கடமை. உங்கள் நாவலின் முதுகெலும்பாக இதை வையுங்கள். அவள் சந்தியைக் காக்கிறாள் என்றால், அவளை ஆற்றும் பொறுப்பு யாருக்கு? கோயில் கட்டாடியாருக்கா, முதலாளிக்கா, ஏறாவூரிலிருந்து தினமும் மருந்து வாங்க வரும் முஸ்லிம் மூதாட்டிக்கா, பேசாமல் இருக்கும் தங்கைக்கா? ஒரு வருடம் அவர்கள் தவறவிட்டால் என்ன நடக்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டு போனாலே உங்களுக்கு நாவல் கிடைத்துவிடும்.

வீட்டையும் மறக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். குடி என்கிற குலமும் தாய்வழிதான். அமெரிக்கக் கதாநாயகி ஆபத்து வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு நகரம் போவாள். உங்கள் கதாநாயகியின் பேரில் வளவும் கிணறும் இருக்கின்றன, அம்மம்மா காலத்திலிருந்து அந்த வளவில் விளக்கு வைக்கப்படும் ஒரு மரமும் இருக்கிறது. உறுதியில் பெயர் மாறும்போது அந்த மரத்தில் இருப்பதும் அவள் பொறுப்புக்கு வருகிறது. இதைவிட வலுவான மாய ஒப்பந்தம் எந்த ஆங்கில நாவலிலும் நான் வாசித்ததில்லை.

இன்னொன்றை நிதானமாகச் சொல்லவேண்டும். எங்கள் பிரதேசத்தில் பேய்க்கதை எழுதுகிறவர் ஒரு விடயத்தில் கையை அடக்கத்தான் வேண்டும். 1990 செப்ரம்பர் 5 அன்று வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் இராணுவத்தால் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வரவில்லை. அதற்கு முந்திய மாதம் ஏறாவூரில் முஸ்லிம் மக்கள் இரவோடிரவாகக் கொல்லப்பட்டார்கள். கொல்லப்பட்டவர்களுக்குக் கல்லறை உண்டு, நாள் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு அதுவும் இல்லை. அப்படிப்பட்ட ஒருவரை நீங்கள் ஆவியாக எழுதினால், அவருடைய தாய் இன்றுவரை ஒத்துக்கொள்ளாத ஒரு மரணத்துக்கு நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். சுவாரசியத்துக்காக அதைச் செய்யாதீர்கள். ஷெஹான் கருணாதிலகவின் 2022 புக்கர் பரிசு நாவலில் கொல்லப்பட்ட படப்பிடிப்பாளன் ஒருவன் 1990ஆம் ஆண்டுக் கொழும்பில் ஆவியாக அலைகிறான். அங்கே பேசுகிறவன் செத்தவனே, தன்னைக் கொன்றது யார் என்று தேடுகிறவனும் அவனே. அந்த உரிமையை அவனுக்குக் கொடுத்திருப்பதால் அது தாங்குகிறது.

இதே இடத்தில் ஷோனன் மெக்வாயரின் ‘ரோஸ்மேரி அண்ட் ரூ’ (2009) என்ற நாவலையும் நினைக்கிறேன். அதில் ஒக்டோபர் டேய் என்ற பெண் சூனியத்தால் மீனாக மாற்றப்பட்டுப் பதினான்கு வருடம் ஒரு பூங்காக் குளத்தில் கிடக்கிறாள். மீண்டு வந்தால் பெற்ற மகளே ஏற்கவில்லை. பிறகு பல்பொருள் கடையில் இரவு வேலைக்கு நிற்கிறாள். அங்கே இது ஒரு தொடக்க அத்தியாயம். மட்டக்களப்பில் வாசிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. வாவியும் மீனும் உள்ள எங்கள் மண்ணில் திரும்பி வருதல் பற்றி எழுத நினைத்தால், நம்பிக்கை கொடுத்துப் பறிப்பதாக ஆகிவிடக் கூடாது. உங்கள் கதாநாயகிக்குச் செத்தவர்கள் தெரிவார்கள் என்றால், கவுண்டருக்கு முன் ஒரு தாய் வந்து, மருந்தும் வாங்காமல், “எங்கட பெடியனை அங்கால கண்டியா மகள்?” என்று கேட்பாள். கதாநாயகி என்ன சொல்வாள்? அந்தக் காட்சியை எழுதும் துணிவு வரும்வரை மற்றவற்றை எழுதி வாருங்கள்.

மந்திரத்தைப் பற்றி ஒரு சொல். மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்லும் கதையை எடுத்து மாந்திரீகப் படம் காட்டவேண்டாம். பாயை விரித்தவள் யார், சோறு போட்டவள் யார், வந்தவன் எதை எடுத்துக்கொண்டு போக நினைத்தான் என்று அவள் பக்கத்திலிருந்து எழுதினால் எடுங்கள்.

எழுத நேரம். ஒக்டேவியா பட்லர் பாத்திரம் கழுவி, உருளைக்கிழங்குப் பொரியல் தொழிற்சாலையில் பொரியல் தரம் பார்த்து, தொலைபேசியில் பொருள் விற்று வயிறு வளர்த்த காலத்தில் விடியப்புறம் இரண்டு மணிக்கு எழும்பி எழுதினார். கடைசியாக அவர் வெளியிட்ட நாவலும் (‘ஃப்ளெட்ஜ்லிங்’, 2005) ஓர் இரத்தக் காட்டேறிப் பெண்ணின் கதைதான். உங்களை இரண்டு மணிக்கு எழும்பச் சொல்ல மாட்டேன், நாள் முழுக்க நின்று வேலை செய்கிற உடம்பு. வேலைக்குள்ளேயே குறிப்பு எடுங்கள். கடன் கொப்பிக்குப் பக்கத்தில் இன்னொரு கொப்பி. வந்தவர் சொன்ன ஒரு வசனம், சட்டையின் நிறம், எந்த பஸ்ஸில் வந்தார் என்பது போதும். நோயாளியின் பெயரையும் வருத்தத்தையும் மட்டும் ஒருபோதும் எழுதக்கூடாது, அது உங்கள் தொழில் தர்மம். போயா நாளில் கடை பூட்டியிருந்தால் அந்தக் குறிப்புகளை வைத்து ஒரு காட்சி எழுதுங்கள். ராஜம் கிருஷ்ணன் இளவயதில் திருமணம் முடித்து, குடும்பத்துக்குள் இருந்துகொண்டே எழுத வந்தவர். ‘கரிப்பு மணிகள்’ எழுதத் தூத்துக்குடி உப்பளத்துக்கே போய்த் தொழிலாளரோடு பேசிக் குறிப்பெடுத்தார். நீங்கள் எங்கும் போகத் தேவையில்லை. உங்கள் உப்பளம் உங்கள் கவுண்டருக்கு முன்னால் வந்து நிற்கிறது.

வாசிக்க: புதுமைப்பித்தன், முதலில் நான் சொன்ன கதை, பிறகு ‘காஞ்சனை’. வித்துவான் வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964), உங்கள் ஊர்த் தெய்வங்களும் சடங்குகளும் வழக்கங்களும் அதில் கிடக்கின்றன. பக்கத்து ஊரான ஏறாவூர்ப் பெண்ணின் குரலுக்கு ஸர்மிளா ஸெய்யித்தின் ‘உம்மத்’. கதாநாயகியின் வாடிக்கையாளரில் பாதிப்பேர் அங்கிருந்து வருவார்கள், அவர்களைத் தெரியாமல் சந்தியை எழுத முடியாது. ஆங்கிலத்தில் பென் ஆரோனோவிச்சின் ‘ரிவர்ஸ் ஒஃப் லண்டன்’ (2011) கட்டாயம். அதில் தேம்ஸ் நதி ஒரு தாய், கிளையாறுகள் மகள்மார். வாவிக்கு யார் சொந்தம் என்று நீங்கள் யோசிக்கத் தொடங்குவீர்கள். ஈழத்துப் பழைய நூல்களுக்கு நூலகம் நிறுவனத்தின் மின்னூல்களைப் பாருங்கள், காசு செலவில்லை. எழுதும் மாதங்களில் ஓநாய் மனிதர் கதைகளைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்பது நல்லது, அவர்களுடைய வசனம் உங்கள் ஆட்களின் வாயில் வந்துவிடும்.

வீட்டுக்குத் தெரியாமல் எழுதுவதைப் பற்றி வருத்தப்பட வேண்டாம். விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனார், சி.எஸ். லக்ஷ்மி அம்பை ஆனார். ஒரு புனைபெயர் எடுங்கள். நாவலுக்கு முன், கரண்ட் போன அந்த இரவை மட்டும் ஒரு சிறுகதையாக முடித்து அந்தப் பெயரில் அனுப்புங்கள். இருபது பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். பெயருக்கு அம்மம்மாவின் பெயரை எடுத்தாலும் நல்லதுதான், அவவிடம் மட்டும் கேட்டுவிட்டு எடுங்கள்.