வெல்லத்திற்கு எத்தனை எழுத்து?

சாலைக் கடைத்தெருவை அறியாத மாணவர் நம் மன்றத்தில் எவரும் இரார். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் இராஜா கேசவதாசர் அமைத்த அவ்வங்காடியில் எப்பக்கம் திரும்பினாலும் தமிழ்க் குரல் கேட்கும். அங்கே என் தந்தையார் ஒரு சிறு பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். தென்காசியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம் எங்களுடையது. கடை வாயிலில் ஒரு கரும்பலகை தொங்கும். வத்தல், மல்லி, புளி, மிளகு ஆகியவற்றின் விலையைக் காலையில் சுண்ணக்கட்டியால் எழுதுவார்; உச்சிவேளைக்குள் ஒரு முறையேனும் அழித்து எழுதுவார். அதற்கிடையே நெடுமங்காட்டிலும் கழக்கூட்டத்திலும் உள்ள சிறு கடைக்காரர்கள் தொலைபேசியில் அழைத்த வண்ணம் இருப்பார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "இன்று வத்தல் என்ன விலை?"

இக்கரும்பலகையை அப்படியே இணையத்தில் தொங்கவிட்டால் என்ன என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று. நானோ வேதியியல் மாணவன். நிரல் எழுதிப் பழக்கமில்லை. பாளையத்துப் பழைய புத்தகக் கடை ஒன்றில் தடித்த நூல் ஒன்று கைக்குக் கிடைத்தது. லின் பெய்லி, மைக்கேல் மாரிசன் என்னும் இருவர் எழுதி, ஓரைலி நிறுவனத்தார் 2008-இல் வெளியிட்ட "ஹெட் ஃபர்ஸ்ட் பி.எச்.பி அண்ட் மைஎஸ்கியூஎல்" என்பது அதன் பெயர். பக்கத்துக்குப் பக்கம் படங்கள். படங்களுக்கு நடுவே கையால் எழுதியது போன்ற குறிப்புகள். முதற் பாடமே வேடிக்கையானது. ஓவன் என்பவரின் நாய் காணாமற் போய்விடுகிறது. வேற்றுலகத்தார் தூக்கிச் சென்றிருப்பார்கள் என்பது அவர் ஐயம். "என் நாயைக் கண்டீர்களா?" என்று கேட்கும் படிவம் ஒன்றை இணையத்தில் வைக்கிறார். அப்படிவத்தைச் செய்வதே பாடம்.

பாடத்தின் உட்கருத்தைச் சாலைத் தெருவின் வழக்கிலே சொல்லுகிறேன். சிவகாசியில் அச்சான நாட்காட்டி ஒன்று இருக்கிறது; யார் பார்த்தாலும், எப்போது பார்த்தாலும் அதில் ஒரே செய்திதான். இது நிலைப்பக்கம். கடைக்கு ஒருவர் வந்து விலை கேட்கிறார். கடைப்பையன் உள்ளே சென்று பேரேட்டைப் பார்த்து, அப்பொழுதே ஒரு சீட்டில் எழுதிக் கொண்டு வந்து கொடுக்கிறான். இது இயங்குபக்கம். கேட்பதற்கு முன் அந்தச் சீட்டு எங்கும் இல்லை என்பதை மனத்தில் கொள்ளுங்கள். வாடிக்கையாளர் உலாவி, கடை வழங்கி, பேரேடு தரவுத்தளம், பையன்தான் பி.எச்.பி நிரல். வாடிக்கையாளர் கையில் சீட்டு வருமேயன்றிப் பையன் வருவதில்லை.

இதைச் சோதித்தே பார்க்கலாம். நிரலை எழுதி இயக்கியபின் உலாவியில் பக்கத்தின் மூலத்தைத் திறந்து பாருங்கள். கோணக்குறியும் வினாக்குறியும் இட்டுத் தொடங்கிய உங்கள் நிரலில் ஒரு வரியும் அங்கே இராது. அது எழுதித் தந்த விலைப்பட்டியல் மட்டுமே இருக்கும். ஆனால் கோப்பை இருமுறை சொடுக்கி நேரே திறந்தால் நிரல் இயங்காது. முதல் இரண்டு நாளும் நான் செய்த பிழை இதுதான். கடைப்பையனை எழுப்பாமல் பேரேட்டை வெறித்துப் பார்த்துக் கொண்டிருந்ததற்கு ஒப்பானது அது. சாம்ப் என்னும் இலவசத் தொகுப்பைக் கணினியில் நிறுவி, கோப்பை எச்டிடாக்ஸ் என்னும் அடைவில் வைத்து, லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரி வழியாகவே திறக்க வேண்டும்.

இந்த மொழியின் பிறப்பும் ஒரு சிறு தேவையிலிருந்து வந்ததே. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர், இணையத்தில் தாம் வைத்த தன்விவரக் குறிப்பை எவரெவர் வந்து பார்க்கிறார்கள் என்று அறிவதற்காக 1994-இல் சில கருவிகளை எழுதினார். 1995-இல் அவற்றைப் பொதுவில் வெளியிட்டார். அவருக்குத் தன்விவரக் குறிப்பு. எனக்கு வத்தல் விலை.

ஒரு வாரத்தில் பக்கம் ஓடிற்று. விலையை மாற்றுவதற்குத் தந்தையாருக்கென ஒரு படிவமும் அமைத்தேன். பண்டத்தின் பெயர் 20 எழுத்துக்கு மேற்படலாகாது என்று அதில் நானே ஒரு காவலும் வைத்தேன். தந்தையார் அமர்ந்து ஒவ்வொன்றாக எழுதினார். புளி என்றார், படிவம் ஏற்றது. மிளகு, வத்தல் இரண்டையும் ஏற்றது. வெல்லம் என்று எழுதியதும் "பெயர் நீளமாக உள்ளது" என்று தள்ளிவிட்டது. கொத்தமல்லியையும் தள்ளிற்று.

"ஏலே, வெல்லத்துல நாலு எழுத்துதானல இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவர் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு வாயிலுக்குப் போய்விட்டார்.

நூலைத் தலைகீழாகப் புரட்டினேன். என் சிக்கலுக்கு விடை அகப்படவில்லை. இரண்டு இரவுகள் கழிந்தன. பிறகு, நிரல் எண்ணிய எண்ணிக்கையையே திரையில் எழுதச் சொல்லிப் பார்த்தேன். வெல்லம்: 21. கொத்தமல்லி: 30. புளி: 12. எல்லாம் மூன்றின் மடங்கு! வேதியியல் மாணவனுக்கு இப்படி ஓர் ஒழுங்கு கண்ணிற் பட்டால் பிறகு உறக்கம் வராது.

விடை இதுதான். கணினி எழுத்தை எழுத்தாக வைத்திருப்பதில்லை. பைட்டு என்னும் அளவுகளில் எண்ணாக வைத்திருக்கிறது. இணையத்தில் பெரும்பாலும் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு. அதுவும் நாம் எண்ணும் எழுத்துக்கு அன்று. யூனிகோடு எண்ணும் குறிக்கு. வெல்லத்தைப் பிரித்துப் பாருங்கள்: வகரம், ஒற்றைக் கொம்பு, லகரம், புள்ளி, லகரம், மகரம், புள்ளி. ஆக ஏழு குறி. ஏழு மூன்று இருபத்தொன்று. மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியர் சொன்னார். அப்புள்ளிக்கும் மூன்று பைட்டு இடம் வேண்டும் என்று கணினி சொல்கிறது. நூலாசிரியர் மீது இதில் குறையொன்றும் இல்லை. அவர்கள் கதையில் வரும் நாயின் பெயர் ஃபாங். ஆங்கிலத்தில் அது நான்கு எழுத்து, நான்கு பைட்டு. எழுத்தும் பைட்டும் வேறுவேறு என்று ஐயுற அங்கே இடமே எழவில்லை.

ஆகவே நண்பர்களே, பி.எச்.பி-யில் எண்ணுவதற்கு மூன்று கோல்கள் உள்ளன என்று குறித்துக் கொள்ளுங்கள். ஸ்டர்லென் என்பது பைட்டை எண்ணும். வெல்லத்திற்கு 21 என்னும். எம்பி-ஸ்டர்லென் குறியை எண்ணும், 7 என்னும். கிராஃபீம்-ஸ்டர்லென் என்பதே என் தந்தையார் எண்ணியது போல எண்ணி 4 என்னும். இம்மூன்றாவதற்கு இன்டில் என்னும் துணைத்தொகுதி வேண்டும். சாம்ப் தொகுப்பின் அமைப்புக் கோப்பில் அதன் பெயருக்கு முன்னால் ஓர் அரைப்புள்ளி இருக்கும். அதை நீக்கிவிட்டு வழங்கியை மீண்டும் தொடங்கினால் போதும்.

எண்ணுவதில் மட்டுமன்றி வெட்டுவதிலும் இவ்விடர் உண்டு. கொத்தமல்லியை 20 பைட்டில் வெட்டினால் "கொத்தம" வரைக்கும் 18 போய், அடுத்த லகரத்தின் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். திரையில் ஒரு கரிய சாய்சதுரமும் அதனுள் வினாக்குறியும் தோன்றினால், எங்கோ ஓர் எழுத்தை அரைகுறையாய் அறுத்துவிட்டோம் என்று அறிக. தமிழ் முழுவதும் வெறும் வினாக்குறிகளாய் வந்தால் பிழை பெரும்பாலும் பேரேட்டில். மைஎஸ்கியூஎல் 8.0 வெளிவந்த 2018-க்கு முன், அட்டவணைகள் தாமாகவே லத்தீன் எழுத்து முறையில் அமைந்தன. பழைய பதிப்பை வைத்திருப்போர் அட்டவணையை யூடிஎஃப்8-எம்பி4 என்று வெளிப்படையாகக் கூறி அமைக்க வேண்டும்.

பழைய நூல் வாங்குவோருக்கு இன்னும் ஒரு சொல். தரவுத்தளத்தை அழைக்க முற்காலத்தில் வழங்கிய மைஎஸ்கியூஎல் வரிசைக் கட்டளைகள் 2015-இல் வந்த பி.எச்.பி 7-இல் அடியோடு நீக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு பாடம் நடத்தும் நூல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டா. என் நூல் மைஎஸ்கியூஎல்ஐ என்னும் பிற்காலத்து வரிசையைக் கையாண்டதால் பிழைத்தது. ஆயினும் படிவத்தில் வந்த சொல்லை அப்படியே கட்டளையோடு ஒட்டித் தரவுத்தளத்திற்கு அனுப்பும் வழக்கத்தைத் தொடக்கப் பாடங்களிலிருந்து கற்றுக் கொள்ளாதீர்கள். தீயவன் ஒருவன் பெயருக்குப் பதிலாக ஒரு கட்டளையையே எழுதிப் பேரேட்டைக் கலைத்துவிட முடியும். கட்டளையை முன்னரே அமைத்து, வெற்றிடம் விட்டு, பெயரைப் பின்னர் தனியே கொடுக்கும் முறை ஒன்று உண்டு. முதல் நாளிலிருந்தே அதைப் பழகுங்கள்.

ஆங்கில நூல் கண்டு தயங்குவோர் 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழின் "எளிய தமிழில்" வரிசையைத் தேடிப் படிக்கலாம். எச்.டி.எம்.எல், மைஎஸ்கியூஎல், பி.எச்.பி ஆகியன பற்றிய நூல்கள் அதில் இலவசமாகவே கிடைக்கின்றன. படங்கள் என் நூலில் உள்ள அளவு இல்லை. ஆனால் சொற்கள் நம்முடையவை.

காவலைத் திருத்தி மீண்டும் தந்தையாரை அழைத்தேன். வெல்லம் ஏறிற்று, கொத்தமல்லியும் ஏறிற்று. பெருங்காயம் என்று தாமாகவே ஒன்று எழுதிப் பார்த்தார், அதுவும் ஏறிற்று. சிறிது நேரம் பார்த்துவிட்டு, "நெடுமங்காட்டுக்காரருக்குத் தமிழ் வாசிக்க வராதுல்லா?" என்றார். அதை நான் எண்ணவே இல்லை. மலையாளக் குறிக்கும் மூன்று பைட்டுதான். ஆதலால் நிரலில் மாற்ற வேண்டியது மிகுதியில்லை. பேரேட்டில் ஒரு பத்தி கூட்டி, ஒவ்வொரு பண்டத்தின் மலையாளப் பெயரையும் இப்போது எழுதி வருகிறேன். அந்தப் பெயர்களை எழுத்துப் பிழையின்றிச் சரிபார்த்துத் தர, நம் வளாகத்து மலையாள நண்பர் ஒருவர் இசைந்திருக்கிறார்.