குழந்தை பிறந்த பின்னும் துணை: பிரசவ டூலாவின் பணி விரிவு

பிரசவ வலி தொடங்கியதிலிருந்து குழந்தை கைக்கு வரும்வரை தாயின் பக்கத்திலேயே இருந்து, உடலுக்கும் மனத்துக்கும் துணை நிற்பவர் பிரசவ டூலா. அவர் மருத்துவம் பார்ப்பதில்லை. அமெரிக்க மானுடவியலாளர் டானா ராஃபேல் 1973இல் வெளியான நூலில் விவரித்த டூலா, பிரசவத்துக்குப் பின் பாலூட்டும் தாய்க்கு உதவும் பெண். ஜான் கென்னல், மார்ஷல் கிளாஸ் முதலிய மருத்துவர்கள் குவாத்தமாலாவில் நடத்தி 1980இல் வெளியிட்ட ஆய்வு, துணை இருந்தால் பிரசவ நேரமும் சிக்கலும் குறைவதைக் காட்டியது. கவனம் பிரசவ அறைக்குத் திரும்பியது. 1992இல் டூலாக்களுக்கான 'டோனா' அமைப்பு தொடங்கியபின் பிரசவ டூலா தனித் தொழிலாக வளர்ந்தார். அவர் மறுபடியும் குழந்தை பிறந்த வீட்டுக்குள் வருவது இந்தப் பணியின் தொடக்கத்துக்கே திரும்புவதாகும்.

அதற்கான தேவை பெரிது. அமெரிக்காவில் சுகப்பிரசவமான தாய் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார். நெடுங்காலமாக, அவருக்கான அடுத்த மருத்துவச் சந்திப்பு ஆறாவது வாரத்தில்தான் இருந்தது. மகப்பேறு மருத்துவர்களின் அமெரிக்கக் கல்லூரி 2018இல் அதை மாற்றி, முதல் 3 வாரங்களுக்குள் ஒரு தொடர்பும் 12 வாரங்களுக்குள் முழுப் பரிசோதனையும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்படியும் பால் கட்டுவது, தையல் வலிப்பது, தூக்கமே இல்லாமல் போவது எல்லாம் முதல் இரண்டு வாரங்களில் வீட்டில்தான் நடக்கின்றன. தாய்வீடு கடல் கடந்து இருக்கும் குடும்பங்களில் பச்சை உடம்புக்காரியைப் பார்த்துக்கொள்ள ஆளே இருப்பதில்லை.

பிரசவப் பணி, பிரசவத்துக்குப் பிந்தைய பணி இரண்டின் தாளமும் வேறு. பிரசவத்துக்கு எந்த நள்ளிரவிலும் அழைப்பு வரலாம், ஒரே மூச்சில் பல மணி நேரம் நிற்க நேரலாம். பிந்தைய பணி மூன்று நான்கு மணி நேரப் பகல் வருகைகளாகவோ இரவு ஷிப்டுகளாகவோ வாரக்கணக்கில் நீளும். பிரசவத்துக்கு மொத்தமாகக் கட்டணம் பேசுவதும் இதற்கு மணிக்கணக்கில் வாங்குவதும் பொதுவான வழக்கம். இரண்டையும் சேர்த்துச் செய்பவர், வருகை நாளில் பிரசவ அழைப்பு வந்தால் மாற்று ஆள் யார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். பிரசவத் தேதி நெருங்கிய வாரத்தில் வேறொரு வீட்டின் இரவு ஷிப்டை ஏற்காமல் இருப்பது நல்லது. களைத்த உடம்போடு பிறர் குழந்தையைக் கையில் ஏந்துவது ஆபத்து.

பயிற்சியும் தனியாக வேண்டும். பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஐந்தாம் நாளுக்குப் பின் தினமும் ஆறு டயப்பராவது நனைய வேண்டும். பிறப்பு எடையில் சிறிது குறைந்து, சுமார் இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வர வேண்டும். இவை தெரிந்திருந்தால்தான் பதறும் தாயைத் தேற்றவும், பதற வேண்டிய இடத்தில் தாய்ப்பால் ஆலோசகரையோ மருத்துவரையோ அழைக்கச் சொல்லவும் முடியும். குழந்தைக்கான முதலுதவிப் பயிற்சியும் கட்டாயம் பெற வேண்டும்.

அபாய அறிகுறிகளை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனையும் இரத்தப்போக்கு, பார்வை மங்கும் கடுந்தலைவலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும், 38 டிகிரி செல்சியஸைத் தொடும் காய்ச்சல் ஆகியவை தாய்க்கு உடனடி மருத்துவ உதவி தேவை என்பதற்கான அடையாளங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அதே அளவு காய்ச்சல் வந்தாலும் மருத்துவரைத் தாமதமின்றி அழைக்க வேண்டும்.

மனநிலையைக் கவனிப்பது இதைவிட நுட்பமான வேலை. பிரசவமான சில நாளில் காரணமின்றி அழுகை வருவது இயல்பு, இரண்டு வாரத்துக்குள் அது தணியும். தணியாவிட்டால் மனச்சோர்வாக இருக்கலாம். 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகள் அதை இனங்காண உதவும், நோயை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. தன்னையோ குழந்தையையோ துன்புறுத்தும் எண்ணம் வெளிப்பட்டால் தாயைத் தனியே விடாமல் அவசர உதவியை அழைக்க வேண்டும். அமெரிக்காவில் தாய்மார் மனநலத்துக்கென 24 மணி நேரத் தொலைபேசி உதவி 2022 முதல் இயங்குகிறது. தந்தைக்கும் மனச்சோர்வு வரும் என்பதால் அவரிடமும் நலம் கேட்க வேண்டும்.

வருகையின் முதல் கேள்வி, தாய் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதாக இருக்கட்டும். எல்லோரும் குழந்தையை விசாரிக்கும் வீட்டில் அந்தக் கேள்வியே அவருக்குப் பாதி ஆறுதல். டூலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாயைச் சமையலறைக்கு அனுப்பக் கூடாது. பாத்திரம் கழுவுவதையும் துணி மடிப்பதையும் தான் ஏற்று, தாயும் குழந்தையும் சேர்ந்திருக்க வழி செய்ய வேண்டும். தந்தை குளிப்பாட்டத் தடுமாறினாலும் குழந்தையைப் பிடுங்கிக்கொள்ளாமல் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும்.

பாட்டி இருக்கும் வீட்டில் அவரே மூத்த துணை. தமிழ்க் குடும்பத்தின் பத்தியச் சாப்பாடும், சீனக் குடும்பத்தின் ஒரு மாத ஓய்வும், மெக்சிகோக் குடும்பத்தின் நாற்பது நாள் காப்பும் தாயைத் தாங்கப் பிறந்தவை, அவற்றை மதிக்க வேண்டும். பாதுகாப்பு சார்ந்த இடத்தில் மட்டும் தெளிவு வேண்டும். தூளி கட்டிப் பழகிய பாட்டியிடம், குழந்தையை உறுதியான சமதள மெத்தையில் மல்லாந்து தனியே படுக்க வைக்கும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சொல்வதைப் பணிவோடு எடுத்துச் சொல்லலாம்.

குழந்தையை இழந்த வீட்டுக்கும் இந்தத் துணை உரியது. அந்தத் தாய்க்கும் பால் சுரக்கும், மார்பு கனத்து வலிக்கும். குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேச ஒருவர் இருப்பது அங்கே பெரிய உதவி.

கட்டணத்தால் இந்தத் துணை வசதியுள்ளோருக்கு மட்டுமே என்றாகிவிடக் கூடாது. கலிபோர்னியாவின் அரசு மருத்துவக் காப்பீடான மெடி-கால் 2023 ஜனவரி முதல் டூலா சேவைக்குப் பணம் தருகிறது, பிரசவத்துக்குப் பிந்தைய வருகைகளும் அதில் அடக்கம். மற்ற இடங்களில், வளைகாப்புப் பரிசாகப் பொம்மைக்குப் பதில் டூலாவின் சில மணி நேரங்களை உறவினர் சேர்ந்து வாங்கித்தர, குடும்பத்துக்கு யோசனை சொல்லலாம்.

விடைபெறுவதையும் முதல் நாளே திட்டமிட வேண்டும். வருகைகளை மெல்லக் குறைத்து, கடைசி வருகையில் மருத்துவர், தாய்ப்பால் ஆலோசகர், மனநல உதவி, அருகிலுள்ள தாய்மார் குழு ஆகியோரின் தொடர்புகளை எழுதித்தர வேண்டும். டூலா இல்லாமலே குடும்பம் தன் குழந்தையை நம்பிக்கையோடு பார்த்துக்கொள்ளும் நிலை வந்தால் பணி நிறைவேறியது.