அளக்கும் கருவியை முதலில் கட்டுங்கள்

எலக்ட்ரானிக்ஸில் புதிதாகக் கைவைக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயரில் தொடங்குகிறார்கள். கட்டி முடித்த பிறகு பாட்டு வரவில்லை என்றால், சிக்னல் எந்த இடத்தில் நின்றுபோனது என்று பார்க்கக் கையில் ஒன்றும் இருப்பதில்லை. ஐ.சி. போலி என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். நல்ல கைகள் இப்படி வீணாவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் பட்டறைக்கு வரும் தம்பி தங்கைகளிடம், முதலில் சோதனைக் கருவிகளைக் கட்டுங்கள் என்று சொல்கிறேன். செலவு குறைவு, பேட்டரியில் ஓடும், கட்டிய அன்றே வேலைக்கு ஆகும்.

1. எதையும் கட்டுவதற்கு முன் உங்கள் மல்டிமீட்டரைச் சோதியுங்கள். 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இரண்டை வரிசையாகச் சேர்த்து, இரு முனையிலும் 9 வோல்ட் கொடுங்கள். நடுவில் சரிபாதி, 4.5 வோல்ட் வர வேண்டும். டிஜிட்டல் மீட்டரை வைத்தால் 4.3க்குப் பக்கத்தில் காட்டும். ரெசிஸ்டர் கெட்டுப்போகவில்லை, மீட்டரும் பழுதில்லை. பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்களுக்கு உள்ளே 10 மெகா ஓம் தடை இருக்கிறது. அதைக் கீழ் ரெசிஸ்டருக்குப் பக்கவாட்டில் நீங்களே சேர்த்துவிட்டீர்கள், 1 மெகா ஓம் இப்போது 0.91 ஆகிவிட்டது. வோல்ட்டுக்கு 20,000 ஓம் உள்ள பழைய முள் மீட்டரை 10 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் முள் 1.3 வோல்ட்டைத் தாண்டாது! அதே சோதனையை இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரில் செய்தால் டிஜிட்டல் மீட்டர் ஒழுங்காக 4.5 காட்டும். அளக்க வந்த கருவி சர்க்யூட்டுக்குள் தானும் ஓர் உறுப்பாகிவிடுகிறது. இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டவர் பிறகு எந்த ரீடிங்கையும் அப்படியே விழுங்க மாட்டார்.

2. முதலில் கட்ட வேண்டியது கன்டினியூட்டி டெஸ்டர். 9 வோல்ட் பேட்டரி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு சிவப்பு எல்.இ.டி., இரண்டு புரோப், வேறொன்றும் வேண்டாம். எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட்டுக்கு 7 மில்லி ஆம்பியர் ஓடும். அறுந்த வயரையும் எரிந்த ஃபியூஸையும் இது உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் புரோப்புகளுக்கு நடுவே 100 ஓம் ரெசிஸ்டரை வைத்துப் பாருங்கள். அப்போதும் 6.4 மில்லி ஆம்பியர் ஓடுகிறது, வெளிச்சத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. போர்டில் இருக்கும் டயோடும் டிரான்சிஸ்டரும்கூட இதற்கு வயர் மாதிரிதான் தெரியும். ஆகவே வயர் அறுந்திருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் இதை வையுங்கள். போர்டுக்குள் நுழைய வேண்டுமானால் எல்.எம்.393 கம்பேரேட்டர் போட்டு இன்னொன்று கட்டுங்கள். புரோப்பில் வரும் வோல்ட்டேஜை 0.2 வோல்ட்டுக்குள் வைத்தால் சிலிக்கான் ஜங்ஷன்கள் திறக்காது. சில ஓமுக்குக் கீழே மட்டும் பஸ்ஸர் அடிக்கும்படி அமைத்துக்கொள்ளலாம்.

3. ரெசிஸ்டர் வாங்கும்போது 1 சதவீத மெட்டல் ஃபிலிமாகக் கேட்டு வாங்குங்கள். ரிச்சி தெருவில் எல்லா மதிப்பிலும் கிடைக்கும், விலை வித்தியாசம் பெரிதில்லை. 5 சதவீத கார்பன் ரெசிஸ்டரில் 1 கிலோ ஓம் என்பது 950க்கும் 1050க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் இருக்கும். அதை வைத்து எதை அளப்பீர்கள்?

4. அடுத்தது மில்லி ஓம் மீட்டர். நான் கட்டச் சொல்லும் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கற்றுக்கொள்வதற்கும் இதில்தான் நிறைய இருக்கிறது. சாதாரண மல்டிமீட்டரில் 0.1 ஓமை அளந்தால் புரோப் வயரின் தடையே அதைவிட அதிகமாகக் காட்டும். எல்.எம்.317 ஐ.சி.யில் அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே எப்போதும் சுமார் 1.25 வோல்ட் நிற்கும். அங்கே 12.5 ஓம் வைத்தால், அட்ஜஸ்ட் காலில் இருந்து மாறாத 100 மில்லி ஆம்பியர் கிடைக்கும். 12.5 ஓம் கடையில் கிடைக்காது. 15 ஓமையும் 75 ஓமையும் பக்கவாட்டில் சேர்த்தால் சரியாக அதே மதிப்பு. நான்கு பென்சில் செல் போதும். சதுர 9 வோல்ட் பேட்டரி இந்தக் கரண்ட்டுக்குத் தாங்காது.

இந்த 100 மில்லி ஆம்பியரை இரண்டு கிராக்கடைல் கிளிப் வழியாக, அளக்க வேண்டிய பொருளுக்குள் அனுப்புங்கள். மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து, அதன் புரோப்புகளைக் கிளிப்புகளுக்கு உட்பக்கமாகப் பொருளின் மேலேயே தொடுங்கள். 10 மில்லிவோல்ட் காட்டினால் 0.1 ஓம். கரண்ட் போகும் வழி வேறு, வோல்ட்டேஜ் பார்க்கும் வழி வேறு. அதனால் கிளிப்பின் தடை கணக்கில் சேராது. லார்ட் கெல்வினின் பெயரால் இதைக் கெல்வின் இணைப்பு என்பார்கள். கிளிப்புகளுக்குக் குறுக்கே, கரண்ட் போகும் திசையில், ஒரு 4007 டயோடைப் போட்டு வையுங்கள். கிளிப் கழன்றாலும் போர்டுக்கு 1 வோல்ட்கூடப் போகாது.

போர்டில் ஷார்ட் எங்கே என்று தேடும்போது இதன் அருமை தெரியும். சப்ளை டிராக்கின் தொடக்கத்தில் ஒரு கிளிப்பும் கிரவுண்டில் இன்னொரு கிளிப்பும் மாட்டுங்கள். மீட்டரின் கறுப்புப் புரோப்பைக் கிரவுண்டில் நிறுத்தி, சிவப்பை டிராக்கின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். 8.2, 7.5, 6.9 என்று இறங்கிக்கொண்டே வரும். எந்த இடத்துக்குப் பிறகு எண் மாறாமல் நிற்கிறதோ, கரண்ட் அந்த இடத்தோடு திரும்பிவிட்டது என்று அர்த்தம். ஷார்ட் ஆன கெபாசிட்டர் அங்கேதான் இருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து போர்டைப் பாழாக்க வேண்டியதில்லை.

5. கெபாசிட்டரை அளக்கக் கடிகாரம் போதும். 100 மைக்ரோஃபேரட் கெபாசிட்டரை 100 கிலோ ஓம் வழியாக 9 வோல்ட்டில் சார்ஜ் செய்யுங்கள். அது 63 சதவீதத்தை, அதாவது 5.7 வோல்ட்டைத் தொட 10 விநாடி ஆக வேண்டும். எலக்ட்ரோலிட்டிக் வகையில் 20 சதவீதம் முன்பின் இருப்பது இயல்பு, எனவே 8 முதல் 12 விநாடிக்குள் வந்தால் திருப்தி. மீட்டரின் 10 மெகா ஓமும் ஒரு சதவீதம் தின்கிறது என்பதை மறக்காதீர்கள். சின்ன மதிப்புகளுக்கு இந்த வழி ஆகாது, 555 ஐ.சி.யில் ஆஸிலேட்டர் கட்டி ஃபிரீக்வென்ஸியை அளக்க வேண்டும். ஹான்ஸ் காமென்சிண்ட் 1971ல் வடிவமைத்த ஐ.சி. அது. அதன் கெபாசிட்டர் சப்ளையின் மூன்றில் ஒரு பங்குக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் நடுவில் ஏறி இறங்குகிறது. எல்லைகளும் சப்ளையோடு சேர்ந்தே இறங்குவதால், பேட்டரி கொஞ்சம் தளர்ந்தாலும் ஃபிரீக்வென்ஸி அநேகமாக அப்படியே நிற்கும். அளக்கும் கருவிக்கு இதைவிட நல்ல குணம் வேண்டுமா?

6. கரண்ட் அளந்து முடித்ததும் சிவப்புப் புரோப்பை வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டுத்தான் கையெடுக்க வேண்டும். 10 ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு அடுத்த சர்க்யூட்டில் வோல்ட்டேஜ் பார்க்கப் போனால், அது நேரான ஷார்ட்.

7. வீட்டு மின்சாரத்தில் ஓடும் எதிலும் இந்தக் கருவிகளைத் தொடவிடாதீர்கள். 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். எஸ்.எம்.பி.எஸ். போர்டின் பெரிய கெபாசிட்டரில் அது பிளக்கைப் பிடுங்கிய பின்பும் தங்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கத்தை யாரிடம் பார்த்திருந்தாலும் விட்டுவிடுங்கள். 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரால் சில விநாடி இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகு கை வையுங்கள். ரிப்பேர் பார்த்த செட்டை முதல்முறை ஆன் செய்ய சீரீஸ் பல்ப் நல்லது. 60 வாட் குண்டு பல்பாக இருக்க வேண்டும், எல்.இ.டி. பல்ப் இந்த வேலைக்கு ஆகாது. ஷார்ட் இருந்தால் முழுதாக எரிந்து செட்டைக் காப்பாற்றும், ஆனால் உங்களை ஷாக்கிலிருந்து காப்பாற்றாது. இன்னொன்று: ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் வீட்டு எர்த்தோடு சேர்ந்தது. அதை மெயின்ஸோடு தொடர்புள்ள போர்டில் மாட்டினால் வெடிக்கும். இந்த விஷயத்தில் எனக்குத் தளர்வே கிடையாது. பேட்டரி சர்க்யூட்டில் கை பழகாத பிள்ளையை மெயின்ஸ் பக்கம் நான் விடுவதில்லை.

8. தெரிந்த மதிப்புகளை ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். 0.1, 1, 100 ஓம் ரெசிஸ்டர்கள், நல்ல ஃபிலிம் கெபாசிட்டர் ஒன்று, 2.5 வோல்ட் தரும் டி.எல்.431 ஒன்று. கட்டிய கருவியில் முதலில் இவற்றை அளந்து, பிறகு தெரியாததை அளந்து, மறுபடி தெரிந்ததை அளக்க வேண்டும். முதலும் கடைசியும் ஒத்துப்போனால் நடுவில் வந்ததை நம்பலாம்.

9. கருவியைப் பெட்டிக்குள் வைத்ததும், அது எதுவரை அளக்கும் என்பதை மூடியிலேயே எழுதுங்கள். மேலே சொன்ன மில்லி ஓம் மீட்டருக்கு இப்படி: ‘2 ஓம் வரை மட்டும். பேட்டரி 4.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ரீடிங்கை நம்ப வேண்டாம். 0.1 ஓமில் சரிபார்த்த தேதி…’ தேதியைப் பென்சிலால் எழுதுங்கள், அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.