குளிர்நாட்டில் வால்நட்: பலகைக்காக வளர்ப்பவருக்கு

ஒட்டாவாவுக்கு வெளியே காணி வாங்கிய, தச்சுவேலையில் ஆசையுள்ளவர்கள் முதலில் கேட்கும் மரம் வால்நட். கருப்பு வால்நட் ஒன்டாரியோவின் தென்கோடியில் தானாக வளரும். ஒட்டாவாவுக்கு அது வெளியூர் மரம்தான். நம் கடைகளில் அக்ரூட் என்று விற்கும் பாரசீக வால்நட்டோ ஆசியாவிலிருந்து வந்தது. இரண்டையும் இங்கே பிழைக்க வைக்கலாம். நேரான பலகை தருமா என்பது முதல் பத்து வருடத்திலேயே முடிவாகிவிடும்.

செய்ய வேண்டியவை

• விதை எந்த ஊர் மரத்தில் விழுந்தது என்று கேளுங்கள். 1930களில் டொராண்டோவைச் சேர்ந்த பாதிரியார் பால் கிராத், கார்பாத்திய மலைப்பக்கத்து அக்ரூட் விதைகளைக் கனடாவுக்குக் கொண்டுவந்தார். குளிருக்குப் பழகிய அந்த வம்சம் இங்கே நின்றது. நான் முதலில் நட்டது எங்கோ தெற்கிலிருந்து வந்த கன்று. செப்டம்பர் கடைசியிலும் தண்டு பச்சையாக, முற்றாமல் நின்றது. வசந்தத்தில் நகத்தால் கீறிப் பார்த்தால் பட்டைக்குள் ஒரே பழுப்பு.

• மேட்டுச் சரிவில் நடுங்கள். குளிர்காற்று தண்ணீரைப் போலப் பள்ளத்தில் போய்த் தேங்கும். இந்தப் பக்கத்து லீடா களிமண்ணில் நீர் வடியாத இடங்களைத் தவிர்ப்பது நல்லது; ஆணிவேர் ஆழம் தேடும் மரம் இது.

• கொட்டையாகவே இலையுதிர்காலத்தில் ஊன்றலாம். மேல்தோலை உரித்துத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைக் கழித்துவிடுங்கள். மேலே கம்பிவலை கட்டாயம். இல்லையென்றால் நடுவது நீங்கள், சாப்பிடுவது அணில்.

• மே மாத உறைபனியில் நுனிக்குருத்து கருகினால் அன்றிலிருந்தே கவனியுங்கள். கீழேயிருந்து இரண்டு மூன்று தளிர்கள் போட்டி போட்டுக்கொண்டு எழும்பும். நேராக நிற்கும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். விட்டால் கவட்டை விழும். இடுப்புயரத்தில் கவட்டை விழுந்த மரத்தில் நீளப் பலகை ஏது? எனக்குத் தெரிந்து வால்நட் வளர்த்துக் கெட்டவர்களில் பாதிப்பேர் இங்கேதான் கோட்டை விட்டார்கள்.

• பத்துப் பன்னிரண்டு அடி இடைவெளியில் நெருக்கி நட்டுப் பிறகு இடையிடையே கலைத்துவிடுங்கள். முதல் சில வருடங்கள் அடியில் புல் வேண்டாம்.

• பனி விழுமுன் அடித்தண்டைச் சுற்றிக் காப்பு போடுங்கள். பனிக்கு அடியில் வயல் எலி பட்டையை வட்டமாகக் கொறித்துவிடும்.

செய்யக்கூடாதவை

• தக்காளிப் பாத்திக்குப் பக்கத்தில் நடாதீர்கள். வால்நட் வேரிலிருந்து வரும் ஜுக்லோன் என்ற நச்சுப்பொருள் தக்காளியை வாட்டிக் கொன்றுவிடும்.

• கொடிக்கயிறு கட்ட ஆணி அடிக்காதீர்கள். மரம் ஆணியை விழுங்கி வளரும். அறுக்கும்போது அதைச் சுற்றிக் கருநீலக் கறை தெரியும், வாளும் போகும். முற்றத்து மரம் என்றாலே பல அறுவை மில்காரர்கள் தயங்குவது இதனால்தான்.

• கிளை பருத்தபின் வெட்டாதீர்கள். பெருவிரல் பருமனிலேயே வெட்டினால் கணு சின்னதாக உள்ளே மறையும். ஒரே வருடத்தில் மரத்தை மொட்டையாக்கவும் வேண்டாம்.

• வேகமாக வளர்கிறதே என்று பிளாக் லோகஸ்ட் மரத்துக்குத் தாவாதீர்கள். அதன் வைரம் (நடுக்கட்டை) மண்ணில் கிடந்தாலும் லேசில் உளுக்காது, உண்மைதான். ஆனால் வேரிலிருந்து கன்று விட்டு அயல் காணிக்குள் புகுந்துவிடும். நோர்வே மேப்பிளும் விதையால் காட்டுக்குள் பரவுகிறது.

• வெளியூர் விறகை ஏற்றி வராதீர்கள். 2002இல் டெட்ராய்ட், வின்ட்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட, ஆஷ் மரங்களைக் கொல்லும் மரகத ஆஷ் வண்டு தொலைதூரம் பரவியதில் விறகுக்கும் பங்குண்டு.

• அறுத்த ஈரப் பலகையை ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் வைக்காதீர்கள், விரிசல் விட்டுப் பிளந்துவிடும். இரு முனைக்கும் மெழுகோ பெயின்டோ பூசி, நிழலில் இடைக்கட்டை வைத்து அடுக்குங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது கணக்கு.

• கலைத்தெடுத்த இளமரத்தை விறகாக்காதீர்கள். நடுவில் கொஞ்சம்தான் வைரம் இருக்கும், மற்றதெல்லாம் வெளிறல். மேசைக்கு ஆகாது, கரண்டி கடையவும் உளிப்பிடி போடவும் அதுவே போதும்.