இருபது சொற்கள்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் துவாக்குடி. பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் யான் அவ்வூரிலேயே வாழ்ந்து வருகின்றேன். தொழிற்சாலைகளும் பொறியியற் கல்வி நிலையமும் சூழ்ந்த ஊர் அது. கடல் கடந்து சென்று பணிபுரிவோர் ஒருவரேனும் இல்லாத தெரு அங்கு இல்லை எனலாம்.

ஒரு நாள் மாலை, முன்னர் என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி விடைபெற வந்தாள். மாலத்தீவு நாட்டில், ஒரு சிறு தீவிலுள்ள பள்ளியில் அவளுக்குக் கணக்காசிரியர் பணி கிடைத்திருந்தது. இரண்டு திங்களில் அவள் புறப்பட வேண்டும்.

"அந்நாட்டு மொழியில் ஏதேனும் கற்றுக்கொண்டாயா, அம்மா?" என்று வினவினேன்.

"அங்குப் பள்ளிகளில் ஆங்கிலத்திலேதான் பாடம் நடத்துகிறார்கள், ஐயா. ஆங்கிலம் தெரிந்தால் போதும் என்று எல்லாரும் சொல்கிறார்கள்."

"பள்ளி மணி அடித்த பிறகு? அடுத்த வீட்டுப் பாட்டியும் படகோட்டியும் மீன் விற்பவரும் உன்னோடு எம்மொழியில் பேசுவர்?"

அவள் விடை கூறவில்லை. அன்றே, புறப்படுமுன் இருபது சொற்களையேனும் கற்பது என்று இருவரும் உறுதி செய்துகொண்டோம்.

மாலத்தீவு என்பது இந்தியப் பெருங்கடலில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஏறத்தாழ 1,200 சிறு தீவுகளின் தொகுதி. அவற்றுள் மக்கள் குடியிருப்பவை 200-க்கும் குறைவு. அந்நாடு 1965-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26-ஆம் நாள் விடுதலை பெற்றது. அங்கு வழங்கும் மொழிக்குத் திவேஹி என்று பெயர். அது சிங்கள மொழிக்கு நெருங்கிய உறவுடையது. நம் நாட்டின் இலட்சத்தீவுகளுள் ஒன்றான மினிக்காய்த் தீவிலும் அதுவே தாய்மொழி. ஆதலின், திவேஹி நம் உடன்பிறந்த குடிமக்கள் சிலரின் மொழியுமாகும்.

தமிழர்க்கு அத்தீவுகள் புதியன அல்ல. முதலாம் இராசராசனின் கல்வெட்டுகளிற் காணப்படும் 'பழந்தீவு பன்னீராயிரம்' என்பது மாலத்தீவே என்று வரலாற்றறிஞர் கருதுவர். தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் காய்கறியும் ஏற்றிய தோணிகள் நெடுங்காலமாக மாலே நகருக்குச் சென்று வந்துள்ளன. அவர்களும் தம் படகைத் 'தோனி' என்றே கூறுகின்றனர். படையெடுத்துப் பெற்ற வெற்றி கல்லெழுத்தில் நின்றுவிட்டது. தோணி என்னும் சொல்லோ இன்றும் இரு கரைகளிலும் மிதக்கின்றது.

எங்களுக்கு நல்லாசிரியர் ஒருவரும் வாய்த்தார். தோணியின் தலைவரைத் தூத்துக்குடியில் தண்டல் என்பர். அங்ஙனம் தண்டலாகப் பல்லாண்டு மாலேக்குத் தோணி செலுத்திய முதியவர் ஒருவர், துவாக்குடியில் தம் மகன் வீட்டில் வந்து தங்கியிருந்தார். அவரை வேண்டி எங்கள் திண்ணைக்கு அழைத்து வந்தேன்.

முதல் நாள் பாடத்தை யானே தொடங்கினேன். திவேஹி எண்ணுப் பெயர்களைத் தண்டல் வரிசையாகக் கூறினார்: எகே, தே, தினே, ஹதரே, ஃபஹே, ஹயே, ஹதே, அஷே, நுவயே, திஹயே. கேட்டவுடன் என் மனம் துள்ளியது. வடமொழியின் 'பஞ்ச' என்பது 'ஃபஹே' எனத் திரிந்துள்ளது. 'சப்த' என்பது 'ஹதே' எனத் திரிந்துள்ளது. நம் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு' ஆவது போன்றதே இத்திரிபும் என்று விளக்கினேன். எழுத்தை அவர்கள் 'அகுரு' என்பது நம் நூல்களில் வழங்கும் 'அக்கரம்' என்பதனோடு ஒப்பிடத்தக்கது என்றேன். ஒரு மணி நேரம் கடந்தது. மாணவி ஏட்டை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

தண்டல் மெல்ல எழுந்தார். "ஐயா, சொல் எங்கே பிறந்தது என்பது உங்களுக்கு வேண்டும். இந்தப் பிள்ளைக்கு, தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரிய வேண்டும். முதலில் அதைச் சொல்லிக்கொடுப்போமா?" என்றார்.

நாற்பதாண்டு ஆசிரியத் தொழிலில் யான் பெற்ற நல்லறிவுரைகளுள் அதுவும் ஒன்று. யான் நாணி, அன்று முதல் மாணவர் வரிசையில் அமர்ந்தேன்.

தண்டல் சொற்களை ஓர் ஒழுங்கில் வைத்தார். முதலில் வணக்கம்: 'அஸ்ஸலாமு அலைக்கும்'. இது நம் ஊர் முசுலிம் அன்பர்களும் கூறும் வாழ்த்தே. அடுத்தது நலம் வினவுதல்: 'ஹாலு கிஹினே?' அதற்கு விடை 'ரங்களு'. நலம் என்று பொருள். திருவரங்கத்தை அடுத்து வாழும் எமக்கு அச்சொல்லை மறப்பதும் இயலுமோ? நன்றி கூற 'ஷுகுரிய்யா'. ஆம் என்பதற்கு 'ஆன்'. இல்லை என்பதற்கு 'நூன்'. நீர் 'ஃபென்'; சோறு 'பை'; மீன் 'மஸ்'; நோய் 'பலி'. எங்கே என்று கேட்க 'கொபா?' இவற்றிற்கெல்லாம் பின்னரே, எவ்வளவு என்று விலை கேட்கும் 'கிஹாவரே?' என்பதைக் கற்பித்தார்.

"விலை கேட்கும் சொல்லை ஏன் இறுதியில் வைத்தீர்?" என்று வினவினேன்.

"விலையை விரலைக் காட்டியும் கேட்கலாம், ஐயா. வணக்கத்தையும் நன்றியையும் வாயால்தான் சொல்ல வேண்டும்" என்றார் அவர்.

ஒலிப்பிலும் அவர் கண்டிப்பானவர். 'பலி' என்பதன் முதலெழுத்தைத் 'தம்பி' என்னும் சொல்லின் இறுதியில் வரும் பகரம் போல ஒலிக்க வேண்டும். அவ்வாறே 'பை' என்பதும். 'ஹந்து' என்றால் நிலவு. 'ஹண்டூ' என்றால் அரிசி. தாம் இளமையில் நாத் தடுமாறிக் கடையில் நிலவைக் கேட்டதையும், கடைக்காரர் வானத்தைச் சுட்டிக்காட்டி நகைத்ததையும் தண்டல் கூறினார். பிழையாகப் பேசியதற்காக அவரை யாரும் வெறுக்கவில்லை; அன்று முதல் அக்கடைக்காரர் அவருக்கு நண்பரானார்.

இன்னோர் இயல்பும் அம்மொழிக்கு உண்டு. பேசப்படுவோரின் தகுதிக்கேற்ப மூவகைச் சொல்லாட்சி அதில் வழங்குகின்றது. இது நமக்கு வியப்பன்று. நாம் உண்டோம் என்போம். பெரியோர் உணவருந்தினார் என்போம். திருவரங்கப் பெருமாள் அமுது செய்தருளினார் என்போம். ஒரு மொழியில் மதிப்புச் சொல் எங்கே உள்ளது என்று அறிந்து பேசுவது, அம்மக்களின் வாயிலில் காலணியைக் கழற்றிவைத்து நுழைவதை ஒக்கும்.

எழுத்தையும் சிறிது பார்த்தோம். அதற்குத் தானா என்று பெயர். எழுத்துகள் 24. உயிரொலிக் குறிகளை மேலும் கீழும் இட்டு, வலப்புறத்திலிருந்து இடப்புறமாக எழுதுவர். முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களின் வடிவிலிருந்தும், அடுத்த ஒன்பது அந்நாட்டுப் பழைய எண்களின் வடிவிலிருந்தும் தோன்றியவை. எண்ணே எழுத்தான விந்தையைக் கண்டு கணக்காசிரியையாகிய அவள் மகிழ்ந்தாள். மோதிரம் போல் வளைந்த பவளத்தீவுகளை அவர்கள் 'அதொளு' என்பர். அச்சொல்லையே ஆங்கிலமும் 'அட்டால்' எனக் கடன் பெற்றது. சிறிய நாட்டின் சொல்லும் உலகைச் சுற்றி வரும் என்பதற்கு அஃதொரு சான்று.

இரண்டு திங்கள் கழிந்தன. அவள் புறப்பட்டுச் சென்றாள்.

மூன்றாம் வாரத்தில் தொலைபேசியில் அழைத்தாள். குரல் தளர்ந்திருந்தது. "ஐயா, ஒரு நள்ளிரவில் கடுங்காய்ச்சல் கண்டது. எழுந்து நிற்கவும் இயலவில்லை. கற்ற சொற்கள் எல்லாம் மறந்துபோயின. சுவரைப் பற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். பாட்டி வந்து திறந்தார். 'பலி' என்றேன், 'ஃபென்' என்றேன். அவ்வளவே என் நாவில் வந்தது. அவர் என்னை உள்ளே அழைத்துப் படுக்கவைத்து, நீர் கொடுத்து, விடியும்வரை அருகிலேயே அமர்ந்திருந்தார். காலையில் மருத்துவமனைக்கும் உடன் வந்தார். இப்போது நலம். பாட்டியிடம் ஷுகுரிய்யா என்றேன். அவர் அழுதுவிட்டார், ஐயா."

யான் அச்செய்தியைத் தண்டலிடம் கூறினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "இருபதில் இரண்டு உதவிற்று" என்று மட்டும் கூறினார்.

மாணவர்களே! நீங்களும் நாளை பல நாடுகளுக்குச் செல்வீர்கள். செல்லுமுன் அந்நாட்டு மொழியில் இருபது சொற்களைக் கற்றுச் செல்லுங்கள். இலக்கணம் பிழைக்குமோ என்று அஞ்ச வேண்டா. வணக்கத்தை முதலிலும் விலையை இறுதியிலும் வையுங்கள்.

செல்வோர்க்கு மட்டும் உரிய கடமையன்று இது. எங்கள் துவாக்குடித் தேநீர்க் கடைக்கு, வட மாநிலங்களிலிருந்து தொழில் செய்ய வந்த இளைஞர்கள் வருகின்றனர். அவர்களுள் ஒருவன் சென்ற வாரம், "அண்ணா, தண்ணி" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். அருகிலிருந்த சிலர் அவன் ஒலிப்பைக் கேட்டு நகைத்தனர். எனக்கு அந்நொடியில், நள்ளிரவில் ஒரு கதவருகே நின்ற என் மாணவி நினைவிற்கு வந்தாள். எழுந்து சென்று குவளையில் நீர் முகந்து அவனிடம் கொடுத்தேன். அவன் பருகிவிட்டு, "நன்றி, ஐயா" என்றான். திருத்தமான தமிழ்!