உயிருள்ள இருதயத்தைக் காட்டும் காந்தம்

வருஷ முடிவில் கடையைப் பூட்டி, சரக்கை எண்ணி, ஐந்தொகை போடாத வியாபாரி நம்மில் இல்லை. ஆனால், ஓயாமல் உழைக்கும் இருதயத்தின் இருப்பைச் சரிபார்த்தவர்கள் எத்தனை பேர்? துவாஸ் தொழிற்சாலைகளுக்கும் தொழிலாளர் விடுதிகளுக்கும் சரக்குக் கொடுக்கும் சகோதரர்கள் விடியுமுன் எழுந்து, நள்ளிரவில் படுக்கிறார்கள். நெஞ்சில் பாரம் தோன்றினால், “வாய்வுதான்” என்று ஒரு சோடாவோடு முடித்துவிடுகிறார்கள். அவர்களை உத்தேசித்தே இப்பாடம்.

சிங்கப்பூர் இந்தியரிடையே மாரடைப்பு நோய் சீனரைவிடப் பல மடங்கு அதிகம் என்று வைத்தியர் டி. ஜே. தனராஜும் அவருடைய குழுவினரும் 1959இல் எழுதினார்கள். இவர் பின்னாளில் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் முதல் தலைவரானவர். அவர்களுக்கு ஆதாரமாக இருந்தவை பிரேதப் பரிசோதனை ஏடுகள். அதாவது, அன்று இந்த உண்மையை அறிய மரித்தோரின் இருதயத்தைத் திறந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. இன்றோ, கத்தி படாமல், உயிரோடு இருப்பவரின் இருதயத்தையே பார்க்கலாம். அதற்கு உதவும் கருவிகளுள் ஒன்றுதான் எம்.ஆர்.ஐ.

இது வேலை செய்யும் விதம் யாது? நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரில் ஹைட்ரஜன் உண்டு. பூமியின் காந்த சக்தியைப்போல் ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு வலுவுள்ள காந்தத்துக்குள் படுக்க வைத்தால், அந்த ஹைட்ரஜன் அணுக்கருக்களில் ஒரு சிறு பங்கு காந்தத்தின் திசைக்கு இணங்கி நிற்கும். வானொலி அலையால் அவற்றைத் தட்டினால், அவை எதிரொலி தரும். அந்த எதிரொலியைக் கணினி படமாக்குகிறது. இம்முறைக்கு வழிவகுத்த பால் லாட்டர்பரும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் 2003இல் நோபல் பரிசு பெற்றனர். இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது.

துடிக்கும் இருதயத்தைப் படமெடுப்பது எளிதல்ல. ஆகவே மார்பில் மின்கம்பிகளை ஒட்டி, துடிப்புக்கு ஏற்றபடி படம் பிடிக்கிறார்கள். இடையிடையே மூச்சை அடக்கச் சொல்வார்கள். கடையைப் பூட்டாமலே இருப்பெடுப்பது போன்றது இது. தசையின் தடிப்பு, ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தத்தின் அளவு, பெருநாடியில் இரத்தம் ஓடும் வேகம் ஆகியவை தெரியும். கடோலினியம் என்னும் மருந்தை ஊசியாக ஏற்றினால், பழைய மாரடைப்பின் தழும்பு வெண்மையாகத் தெரியும். எந்தப் பகுதி செத்தது, எந்தப் பகுதியைக் காப்பாற்றலாம் என்று வைத்தியர் அறிவதற்கு இது பேருதவி.

ஊட்ராமிலுள்ள தேசிய இதய மையத்தில், உயர் இரத்த அழுத்தம் இருதயத் தசையை எவ்வாறு தடிக்கவும் நாராகவும் செய்கிறது என்பதை இக்கருவியால் ஆராய்ந்து வருகிறார்கள். “பிரஷர்தானே!” என்று அலட்சியமாக இருப்போர் இதைச் சிந்திக்க வேண்டும். வலி ஏதும் இல்லாமலே சேதம் நடக்கக்கூடும்.

எல்லோருக்கும் இப்படம் தேவையில்லை; வைத்தியரே தீர்மானிப்பார். இருதய இரத்தக் குழாயின் அடைப்பைக் காண, சி.டி. அல்லது ஆஞ்சியோகிராம் பெரும்பாலும் மேலானது. கவனிக்க வேண்டியவை:

1. பேஸ்மேக்கர், உடலுக்குள் வைத்த உலோகம் எதுவாயினும் முன்பே சொல்லவும்.
2. பட்டறையிலோ கப்பல் பட்டறையிலோ இரும்பு அரைத்து, கண்ணில் துகள் புகுந்தவர் அதை மறைக்கலாகாது. காந்தம் அத்துகளை அசைத்துக் கண்ணைக் கெடுக்கலாம்.
3. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் ஊசி போடுமுன் தெரிவிக்கவும்.
4. திடீரென நெஞ்சை அழுத்தி, வியர்த்து, மூச்சு வாங்கினால் படத்துக்குக் காத்திராமல் உடனே 995க்கு அழைக்கவும்.

சகோதரர்களே! துவாஸ் லிங்க் நிலையத்தில் ஏறினால், இரயில் மாறாமலே ஊட்ராம் பார்க்கில் இறங்கலாம். தூரம் ஒரு சாக்கல்ல. முதலில் அருகிலுள்ள வைத்தியரிடம் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள். ஒரு நாள் கடை அடைத்தால் ஒரு நாள் வியாபாரம்தான் போகும்.